நடமாட இயலாத துணைக்காக ஓய்வூதியம் பெறுவது எப்படி? விதிகள் தரும் வழிகளும் சட்டம் விட்டுவைத்த இடைவெளியும்

மைசூரு: ஓய்வூதியர்களின் சொர்க்கம் எனப் பெயர் பெற்ற மைசூருவில், ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் வங்கிக் கிளைகளின் முன் முதியோர் வரிசை நீள்வது வழக்கம். அந்த வரிசையில் வந்து நிற்க இயலாதவர்களும் உண்டு. பக்கவாதம், பார்க்கின்சன் நோய், மறதி நோய், விபத்துக் காயம் ஆகியவற்றால் படுக்கையில் இருக்கும் கணவருக்காக மனைவியும், மனைவிக்காகக் கணவரும் ஆவணங்களைச் சுமந்து அலுவலகங்களுக்குச் செல்கின்றனர். 'ஓய்வூதியர் நேரில் வர வேண்டும்' என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வருவோர் பலர்.

அந்தப் பதில் பெரும்பாலும் விதிக்குப் புறம்பானது. உடலால் வர இயலாதவருக்கு ரிசர்வ் வங்கியும் மத்திய அரசும் பல வழிகளை வகுத்துள்ளன. ஆனால், வர இயலாத நிலையோடு ஒப்புதல் அளிக்கவும் இயலாத நிலை சேர்ந்துவிட்டால், சட்டம் அந்த அளவுக்குத் துணை நிற்பதில்லை. இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்திப் புரிந்துகொள்வதே குடும்பத்தினர் செய்ய வேண்டிய முதல் வேலை.

ஓய்வூதியம் வழங்குவது யார்?

மைசூருவில் ஒரே தெருவில் வசிக்கும் மூன்று ஓய்வூதியர்களுக்கு மூன்று வேறு அலுவலகங்கள் பொறுப்பாக இருக்கக்கூடும். தென்மேற்கு ரயில்வேயின் மைசூரு கோட்டம், இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் போன்றவற்றில் பணியாற்றியோர் மத்திய அரசு சார்ந்த விதிகளின் கீழ் வருவர். கர்நாடக அரசில் பணியாற்றியோரின் ஓய்வூதியம் மாநிலக் கருவூலத்தின் 'கஜானே-2' கணினி முறை வழியே செல்கிறது. தனியார் ஆலைகளில் பணியாற்றியோருக்குத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995-ன் கீழ் வருங்கால வைப்பு நிதி அமைப்பு ஓய்வூதியம் வழங்குகிறது. அதன் அலுவலகம் மைசூருவிலேயே உள்ளது.

பணிக்கால ஓய்வூதியம் எதுவும் இல்லாத ஏழைக் குடும்பங்களுக்கு வருவாய்த் துறையின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் உண்டு. யாருடைய ஓய்வூதியம் என்பதை ஓய்வூதிய ஆணையைப் பார்த்து உறுதிசெய்த பிறகே எந்த அலுவலகத்துக்கும் செல்ல வேண்டும்.

ஆயுள் சான்றிதழ்: வீட்டிலிருந்தே அளிக்கலாம்

மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் ஆயுள் சான்றிதழ் அளிக்க வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1-ம் தேதி முதலே அளிக்கலாம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் நவம்பர் என்ற கட்டாயம் இல்லை. ஆண்டின் எந்த நாளில் அளித்தாலும் அன்று முதல் ஓராண்டுக்குச் செல்லும். சான்றிதழ் தவறினால் ஓய்வூதியம் நிறுத்தப்படும். பின்னர் சான்றிதழ் அளித்தால் நிலுவையுடன் மீண்டும் கிடைக்கும்.

'ஜீவன் பிரமாண்' எனப்படும் டிஜிட்டல் ஆயுள் சான்றிதழ் 2014 நவம்பர் 10 அன்று தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் கைரேகை அல்லது கருவிழிப் பதிவுக் கருவி தேவைப்பட்டது. பக்கவாதத்தால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்கும் ரேகை தேய்ந்தவர்களுக்கும் இது பெரும் தடையாக இருந்தது. 2021 நவம்பரில் முகப்பதிவு வழியே சான்றளிக்கும் முறை வந்த பிறகு ஒரு திறன்பேசி இருந்தாலே போதும் என்ற நிலை உருவானது.

இந்தச் செயலியில் முதலில் 'இயக்குபவர்' என்ற முறையில் ஒருவர் தமது ஆதார் எண்ணையும் முகத்தையும் பதிவு செய்ய வேண்டும். அவர் ஓய்வூதியராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மனைவியோ கணவரோ மகனோ மகளோ இயக்குபவராகப் பதிந்துகொண்டு, படுக்கையில் இருப்பவரின் முகத்தைப் பதிவு செய்யலாம். முகத்தில் போதிய வெளிச்சம் விழ வேண்டும், கண் இமைகள் அசைய வேண்டும் என்பவை மட்டுமே நடைமுறைத் தேவைகள். பதிவு முடிந்ததும் குறுஞ்செய்தியில் ஒரு பிரமாண் எண் வரும். அந்த எண் வந்தாலே வேலை முடிந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. ஓய்வூதிய ஆணை எண்ணிலோ கணக்கு எண்ணிலோ பிழை இருந்தால் ஓய்வூதியம் வழங்கும் அமைப்பு சான்றிதழை நிராகரிக்கக்கூடும். எனவே ஏற்கப்பட்டதா என்பதைச் சில நாட்கள் கழித்துச் சரிபார்க்க வேண்டும்.

திறன்பேசி முறை கைகொடுக்காவிட்டால் மேலும் மூன்று வழிகள் உள்ளன.

* இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியின் சேவை: தபால்காரரோ அஞ்சல் பணியாளரோ வீட்டுக்கு வந்து டிஜிட்டல் சான்றிதழைப் பதிவு செய்வார். இதற்கான கட்டணம் வரி உட்பட 70 ரூபாய். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தினருக்கான செலவை வருங்கால வைப்பு நிதி அமைப்பே ஏற்கும் வகையில் 2025 நவம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. அழைப்பு எண் 155299.

* வங்கியின் வீட்டுச் சேவை: 70 வயதைக் கடந்தவர்களுக்கும், நாள்பட்ட நோய் அல்லது மாற்றுத்திறன் குறித்து மருத்துவச் சான்று உள்ளவர்களுக்கும் பணம் வழங்குதல், ஆயுள் சான்றிதழ் பெறுதல் உள்ளிட்ட சேவைகளை வீட்டிலேயே அளிக்க வேண்டும் என்று 2017 நவம்பர் 9 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை வெளியிட்டது.

* அதிகாரியின் கையொப்பம்: மத்திய அரசு ஓய்வூதியர்கள், உரிய படிவத்தில் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர், வட்டாட்சியர், சார் பதிவாளர், அஞ்சலக அதிகாரி, காவல் நிலையப் பொறுப்பில் உள்ள உதவி ஆய்வாளர் போன்றோரில் ஒருவரிடம் கையொப்பம் பெற்று அளித்தால் நேரில் வருவதிலிருந்து விலக்கு உண்டு.

காகிதச் சான்றிதழை ஓய்வூதியம் வழங்கும் வங்கியின் எந்தக் கிளையிலும் அளிக்கலாம். கையொப்பமிட்ட ஒப்புகைச் சீட்டை வங்கி கட்டாயம் தர வேண்டும். சான்றிதழ் தொலைந்துபோனதாகப் பின்னர் கூறப்பட்டால் அந்தச் சீட்டு ஒன்றே குடும்பத்தின் கையில் இருக்கும் ஆதாரம்.

பணம் எடுப்பது: பெருவிரல் ரேகை முதல் வெறும் குறி வரை

அரசு ஓய்வூதியம் வழங்கும் வங்கிகளுக்கான ரிசர்வ் வங்கியின் தொகுப்புச் சுற்றறிக்கை, நோயுற்ற ஓய்வூதியர்களை இரு வகையினராகப் பிரிக்கிறது. காசோலையில் கையொப்பமிடவோ வங்கிக்கு வரவோ இயலாதவர் முதல் வகை. அவருடைய கைப் பெருவிரல் ரேகையையோ கால் விரல் ரேகையையோ பெற்றுக்கொள்ளலாம். வங்கிக்கு அறிமுகமான இருவர் அதற்குச் சாட்சியளிக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும்.

ரேகைகூட வைக்க இயலாதவர் இரண்டாம் வகை. அவர் ஏதேனும் ஒரு குறியிட்டால் போதும். அதற்கும் இதே முறையில் இரு சாட்சிகள் தேவை. பணத்தை யார் பெற்றுக்கொள்வார் என்பதை ஓய்வூதியர் வங்கிக்குச் சுட்டிக்காட்டலாம். அவ்வாறு சுட்டப்படுபவரைச் சாட்சிகள் அடையாளம் காட்ட, அவர் தமது கையொப்பத்தை வங்கியில் பதிவு செய்ய வேண்டும். இரு கைகளையும் இழந்தவரின் உடலைத் தொட்ட ஒரு கருவியால் வேறொருவர் இடும் குறியும் செல்லும் என்பது இந்திய வங்கிகள் சங்கம் பெற்ற சட்டக் கருத்து. இந்த விதிகளைக் கிளையின் அறிவிப்புப் பலகையில் வைக்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி கூறியுள்ளது.

இவ்வளவு வழிகள் இருந்தும், துணையின் ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் பயன்படுத்துவதே பல வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. இதில் உள்ள ஆபத்தைப் பெங்களூரு வழக்கு ஒன்று காட்டியது. 2013-ல் மகப்பேறு விடுப்பில் இருந்த பெண் ஒருவர் தமது அட்டையைக் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்துவரச் சொன்னார். இயந்திரத்திலிருந்து பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. ரகசிய எண்ணைப் பிறரிடம் பகிர்ந்தது விதிமீறல் என வங்கி வாதிட்டது. 2018-ல் நுகர்வோர் குறைதீர் மன்றமும் அதை ஏற்று மனுவைத் தள்ளுபடி செய்தது. காசோலையோ அதிகாரக் கடிதமோ கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும் என்பது மன்றத்தின் நிலைப்பாடு. வாழ்க்கைத் துணை என்ற உறவு மட்டுமே கணக்கைக் கையாளும் உரிமையைத் தந்துவிடாது.

கூட்டுக் கணக்கின் பயன்

மத்திய அரசு ஓய்வூதியத்தைத் துணையுடன் இணைந்த கூட்டுக் கணக்கில் பெறலாம். ஓய்வூதிய ஆணையில் குடும்ப ஓய்வூதியத்துக்கு உரியவராகக் குறிக்கப்பட்ட துணையே மற்றொரு கணக்குதாரராக இருக்க வேண்டும். 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில் கணக்கு இருந்தால் அன்றாடச் செலவுக்குத் துணையே பணம் எடுக்கலாம். ஓய்வூதியர் மறைந்தால் குடும்ப ஓய்வூதியத்துக்காகப் புதிய கணக்கு தொடங்குமாறு வங்கி வற்புறுத்தக் கூடாது.

ஆயினும், நிலையான வைப்பை முதிர்வுக்கு முன் முறிப்பதற்கு இருவரின் ஒப்புதலும் வேண்டும். தனிப்பெயரில் உள்ள வீட்டையோ மனையையோ விற்பதற்குக் கூட்டுக் கணக்கு எவ்விதத்திலும் உதவாது. எனவே, கையொப்பமிடும் நிலையில் துணை இருக்கும்போதே கணக்கு முறை, வாரிசு நியமனம், ஓய்வூதிய ஆணையில் உள்ள துணையின் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றைச் சரிபார்ப்பது அவசியம்.

தமிழ்க் குடும்பங்கள் பெயர் விவரத்தில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். ஓய்வூதிய ஆணையில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். ஆதாரில் அதுவே முழுப்பெயராக விரிந்து முன்னாலோ பின்னாலோ வந்திருக்கும். கணினிக்கு இவை இரு வேறு மனிதர்களின் பெயர்கள். ஆதாரில் திருத்தம் தேவைப்படும் நிலையில், படுக்கையில் இருப்போரின் வீட்டுக்கே வந்து பதிவு செய்யும் வசதி உள்ளது. 1947 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

ஒப்புதல் அளிக்க இயலாத நிலை

துணை கோமாவில் இருந்தாலோ, மறதி நோய் முற்றியிருந்தாலோ, மேற்கூறிய ரேகையும் குறியும் பொருளற்றுப் போகின்றன. முன்னரே எழுதி வாங்கிய பொது அதிகாரப் பத்திரம் உதவும் எனப் பலர் நம்புகின்றனர். அதிகாரம் அளித்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் முகமை உறவு முடிவுக்கு வரும் என்கிறது 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவு. மிகவும் தேவைப்படும் நேரத்தில் அந்தப் பத்திரம் செல்லாமல் போகிறது.

மனநோயாளிகளின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும் ஏற்பாடு 1987-ம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் இருந்தது. அதற்குப் பதிலாக 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை தொடர்பான முடிவுகளுக்கு மட்டுமே பிரதிநிதியை அனுமதிக்கிறது. சொத்து குறித்த ஏற்பாடு அதில் இடம்பெறவில்லை. 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்தும். கோமாவில் இருக்கும் கணவருக்கு அந்தச் சட்டத்தின் வழியே மனைவி பாதுகாவலராக முடிவதில்லை.

இந்த இடைவெளியை உயர் நீதிமன்றங்களே நிரப்பி வருகின்றன. கோமாவில் உள்ளவருக்குப் பாதுகாவலரை நியமிக்கச் சட்டம் எதுவும் இல்லை எனக் குறிப்பிட்ட கேரள உயர் நீதிமன்றம், 2019 பிப்ரவரியில் வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்தது. மருத்துவக் குழுவின் பரிசோதனை, வருவாய் அதிகாரியின் விசாரணை, பாதுகாவலர் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அளிக்க வேண்டிய அறிக்கை ஆகியவை அவற்றுள் அடங்கும்.

2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில், கோமாவில் உள்ள கணவரின் சொத்தைக் கையாள அனுமதி கோரிய மனைவியின் மனுவைத் தனி நீதிபதி ஏற்கவில்லை. உரிமையியல் நீதிமன்றத்தை அணுகுமாறு கூறினார். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்து, மனைவியையே பாதுகாவலராக நியமித்தது. ஒரு கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அனுமதித்த அமர்வு, அதில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் நிலையான வைப்பில் இட்டு வட்டியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என நிபந்தனை விதித்தது.

மைசூருவில் இத்தகைய நிலையில் உள்ள குடும்பம், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 14-வது பிரிவின் கீழ் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் நியமனம் கோரி மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம். அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் கர்நாடக உயர் நீதிமன்றத்தையும் நாடலாம். வழக்கறிஞர் கட்டணம் செலுத்த இயலாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுக வேண்டும். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு இன்றி அங்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

பேச இயலாமை வேறு, முடிவெடுக்க இயலாமை வேறு

பக்கவாதத்துக்குப் பின் பேச்சிழந்தவரைச் சிந்தனையும் இழந்தவராகக் கருதுவது அலுவலகங்களில் நேரும் பிழை. சில நேரங்களில் குடும்பத்திலும் அது நேர்கிறது. கேட்பதைப் புரிந்துகொண்டு தலையசைப்பவர், படத்தைச் சுட்டுபவர், இடது கையால் எழுதுபவர் ஆகியோர் ஒப்புதல் அளிக்க வல்லவர்களே. மாற்றுத்திறனாளிகள் தமது நிதி விவகாரங்களைத் தாமே கட்டுப்படுத்தும் உரிமையைச் சட்டத்தின் 13-வது பிரிவு உறுதி செய்கிறது. உதவி செய்பவருக்கும் உதவி பெறுபவருக்கும் ஒரு பரிவர்த்தனையில் நலன்கள் முரண்பட்டால், உதவி செய்பவர் அதிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. இது துணைவருக்கும் பொருந்தும். மைசூரு மானசகங்கோத்ரியில் உள்ள அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் பேச்சிழந்தோருக்குச் சிகிச்சை அளித்து வருகிறது.

பிற நாடுகளில் நடைமுறை என்ன?

இங்கிலாந்தில், அரசு உதவித்தொகையைத் தாமே கையாள இயலாதவருக்காகக் குடும்பத்தினர் ஒருவரை அரசுத் துறையே நியமிக்கிறது. நீதிமன்றம் செல்லத் தேவையில்லை. அறிவுத்திறன் குன்றிய பின்னும் செல்லுபடியாகும் நிலைத்த அதிகாரப் பத்திரத்துக்கு அந்நாட்டின் 2005-ம் ஆண்டுச் சட்டமும், சிங்கப்பூரின் 2008-ம் ஆண்டுச் சட்டமும் இடமளிக்கின்றன. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் அதிகாரப் பத்திரத்தை ஏற்பதில்லை. மாறாக, 'பிரதிநிதிப் பெறுநர்' ஒருவரைத் தானே நியமித்து அவரிடம் கணக்குக் கேட்கிறது. இந்தியாவில் அனைத்து ஓய்வூதியர்களுக்கும் பொதுவான இத்தகைய ஏற்பாடு இல்லை.

பணியில் இருக்கும்போதே பாதிக்கப்பட்டால்

அரசு ஊழியர் பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனால், அவரைப் பணிநீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது என்கிறது 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 20-வது பிரிவு. பொருத்தமான வேறு பணி வழங்க வேண்டும். இயலாவிட்டால் கூடுதல் பணியிடம் உருவாக்கி அதே ஊதியத்தில் தொடரச் செய்ய வேண்டும். எனவே குழப்பத்தில் விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையொப்பமிடுவதற்கு முன் குடும்பத்தினர் இப்பிரிவை அறிந்திருக்க வேண்டும். மத்திய அரசில் உடல்தகுதி இழந்தோருக்கான ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும் என்ற நிபந்தனை 2019 ஜனவரியில் நீக்கப்பட்டது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், பணிக்காலத்தில் நிரந்தரமாகவும் முழுமையாகவும் செயலிழந்தவர் ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலே ஊன ஓய்வூதியம் கோரலாம். அதற்கான படிவம் 10டி.

கர்நாடக அரசின் உதவி

பணி ஓய்வூதியம் இல்லாத, வருமான வரம்புக்கு உட்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு, பாதிப்பு 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மாதம் 800 ரூபாயும், 75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 1,400 ரூபாயும் கர்நாடக அரசு வழங்குகிறது. விண்ணப்பத்தை நாட கச்சேரியில் அளிக்க வேண்டும். மருத்துவக் குழு அளிக்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இதற்கு அடிப்படை ஆவணம். 2012 முதல் நடைமுறையில் உள்ள 'சகாலா' சட்டத்தின் கீழ், விண்ணப்பத்துக்கு 15 இலக்க எண் கொண்ட ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். குறித்த காலத்தில் சேவை கிடைக்காவிட்டால் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம் 500 ரூபாய் வரை இழப்பீடு கோரலாம். தொகை சிறிதாயினும், அதிகாரியின் ஊதியத்திலிருந்து பிடிக்கப்படும் என்பதால் கோப்பு நகர்வதற்கு அது துணைபுரிகிறது.

மறுக்கப்பட்டால் என்ன செய்வது?

வாய்மொழியாக மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் தருமாறு கேட்பது முதல் படி. விண்ணப்பத்தில் விதியின் பெயரையும் தேதியையும் குறிப்பிட்டு நகலில் ஒப்புகை பெற வேண்டும். அரசு ஓய்வூதியத்தை வங்கி தாமதமாக வரவு வைத்தால், தாமதமான காலத்துக்கு ஆண்டுக்கு 8 சதவீத வட்டியை ஓய்வூதியர் கேளாமலே வங்கி வழங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

* மத்திய அரசு ஓய்வூதியம்: ஓய்வூதியர் குறைதீர்ப்புத் தளம், கட்டணமில்லா எண் 1800-11-1960.
* தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம்: அழைப்பு எண் 14470. மாதந்தோறும் 27-ம் தேதி மாவட்டங்களில் 'நிதி ஆப்கே நிகட்' குறைகேட்பு முகாம் நடைபெறுகிறது.
* வங்கி: புகார் அளித்து 30 நாட்களில் தீர்வு இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். விவரங்களுக்கு 14448.
* மாநில அரசின் சேவைகள்: ஜனஸ்பந்தனா உதவி எண் 1902.
* முதியோருக்கான பொது உதவி எண்: 14567.

கோப்பில் இருக்க வேண்டியவை

ஓய்வூதிய ஆணை, இருவரின் ஆதார், திருமணத்தை உறுதிசெய்யும் ஆவணம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, துணையின் தற்போதைய நிலையை விளக்கும் அண்மைய மருத்துவச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம், சென்ற ஆண்டின் ஆயுள் சான்றிதழ் எண், இதுவரை பெற்ற ஒப்புகைச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்கள் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். மருத்துவச் சான்றில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. 'நடமாட இயலாதவர்', 'கையொப்பமிட இயலாதவர்', 'பிறர் கூறுவதைப் புரிந்துகொள்ளக்கூடியவர்' என்பன போன்ற விவரங்களையும் எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேட்க வேண்டும். மேற்கண்ட விதிகளில் எது பொருந்தும் என்பதை வங்கி அலுவலர் அந்தச் சொற்களைக் கொண்டே முடிவு செய்வார்.